மூன்றாம் பக்கத்து வரி

ரிச்மண்ட்
மார்ச் 17, 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைதான் தொலைபேசியில் பேசினோம். இரண்டே நாளில் கடிதமும் எழுதுகிறேனே என்று பயந்துவிடாதீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

சளி விட்டுவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழை நாளில் படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நேற்று ஜனாதிபதி மேடிசனின் பிறந்தநாள். எங்கள் வர்ஜீனியா ஆவணக் காப்பகத்தில் கேக் வெட்டினார்கள். என் அப்பா எங்கள் ஊர் விழாவில் வருஷத்துக்கு ஒரு நாள் மேடிசன் வேஷம் போடுவார் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "நெஜமாவா? அவரு ரொம்பக் குள்ளமாச்சே!" "எங்க அப்பாவும் அஞ்சடி நாலு அங்குலம்தான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. கேக்கை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

மேடிசன் வரைந்த அரசியல் சாசனத்துக்கு இந்தச் செப்டம்பரில் இருநூறு வயது. நம் ஊர் விழாவுக்கு டி.வி. வரும் என்றீர்களே, உங்கள் உரையை எனக்கு அனுப்புங்கள். காபிக் கறையோடு அந்தப் பழைய தாள்களை எத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருப்பீர்கள்? நான் சுத்தமாக டைப் அடித்துத் தருகிறேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைப் பற்றிக் கேட்க வேண்டும். இப்போது வேண்டாம். முதலில் அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்,
லினெட்

*

வில்லோ ஃபோர்க்
மார்ச் 29, 1987

அன்பு மகள் லின்னுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அம்மாவின் வாயும் அப்படியேதான். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவளா சொன்னா? நாலு பேர் முன்னாடி வாயத் தொறந்தா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

உரையை இதனுடன் அனுப்பியிருக்கிறேன், பத்திரம். மருந்துக்கடை ஸ்ட்ரோதரின் அப்பா 1968இல் தன் கைப்பட எழுதியது. அவர் போனபின் மகன்தான் இப்போது விழாக் குழுத் தலைவர். அவர் கடையில் குழாய் மாற்றப் போயிருந்தேன். நான் தரையில் படுத்துக் கிடக்கிறேன், அவர் என் பூட்ஸைப் பார்த்துப் பேசுகிறார். "வென்டல், டி.வி. வருதுப்பா. அந்த உயில் வரிய நெஞ்சிலேருந்து குடு. ஜனங்க அழணும்."

கொடுக்காமல் இருப்பேனா? "என் உயிலில் என் மக்கள் அனைவரையும் விடுவித்துவிட்டேன்! என் மண்ணில் இனி அடிமை என்று எவரும் இல்லை!" என்று கையை உயர்த்துவேன். வாத்தியக்குழு தொடங்கும். நீதிமன்றப் படிகளின் கீழே இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். இது இருபதாவது தடவை, லின். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு யார் எழுந்து நிற்பார்கள், சொல்.

மிஸ் வெர்னா உன்னை விசாரித்தார். பள்ளிச் சமையற்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இந்த வருஷமும் விழாவுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை பலகாரம் நாற்பது செய்கிறாராம். ஒவ்வொரு வருஷமும் பாவம், என் உரையை முழுதாகக் கேட்காமலே பை சூடுபண்ண எழுந்து போய்விடுகிறார்.

அந்த மூன்றாம் பக்கத்து வரி எது?

அன்புடன்,
அப்பா

*

ரிச்மண்ட்
ஏப்ரல் 12, 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாம் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டைப் அடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், எட்டுப் பக்கம் ஏழாகச் சுருங்கிவிட்டது. ஒரு வரியை மட்டும் அடிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடம் கேட்டதற்காகப் போன மாதம் மேடிசனின் உயிலைப் படி எடுத்தேன். அவர் யாரையும் விடுவிக்கவில்லை, அப்பா. எல்லோரையும் மனைவிக்கு எழுதிவைத்தார். அவரவர் சம்மதம் இல்லாமல் யாரையும் விற்கக் கூடாது என்பது தன் விருப்பம் என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதிலும், தவறாக நடந்துகொண்டால் விற்கலாம் என்று ஒரு விலக்கு. உயிலில் விடுதலை எழுதியது முதல் ஜனாதிபதி வாஷிங்டன். பெரிய ஸ்ட்ரோதர் இரண்டு உயில்களையும் ஒன்றாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். முதல் ஐந்து ஜனாதிபதிகளில் நான்கு பேர் நம் வர்ஜீனியாக்காரர்கள். இந்தக் குழப்பம் நம் ஊரில்தான் வரும்.

தப்பு உங்களுடையது இல்லை. எழுதிக் கொடுத்ததைச் சொன்னீர்கள், அவ்வளவுதான். உயிலின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகள்,
லினெட்

*

வில்லோ ஃபோர்க்
ஏப்ரல் 26, 1987

அன்பு லின்னுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். ஆப்பிள் மரங்கள் எல்லாம் பூத்துவிட்டன. மெதடிஸ்ட் சர்ச்சில் ஹீட்டர் வெடித்து இரண்டு நாள் எனக்கு அங்கேயே வேலை. அம்மா கோட்டுக்குப் புதிய பித்தளைப் பொத்தான் தைக்கிறாள். பழையது ஒன்று போன வருஷம் கையை உயர்த்தியபோது தெறித்துவிட்டது.

டைப் மிக அழகாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் வெள்ளையாக இருந்தது. அந்த இடத்தில் ரிப்பன் தீர்ந்துவிட்டது போல. பரவாயில்லை, பேனாவால் எழுதிக்கொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

ரிச்மண்ட்
மே 4, 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு என் அன்பு.

ரிப்பன் தீரவில்லை, அப்பா.

லினெட்

*

வில்லோ ஃபோர்க்
ஜூன் 21, 1987

என் கண்ணு லின்னுக்கு,

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். உன் அப்பா எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். ஏழு வாரம் ஆயிற்று. உடம்புக்கு ஒன்றும் இல்லை அவருக்கு. என் முழங்காலைக் கேட்காதே.

இன்று தந்தையர் தினம். உன் வாழ்த்து அட்டை நேற்றே வந்துவிட்டது. உள்ளே உன் கையெழுத்து மட்டும் இருந்தது. வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒத்திகை பார்ப்பதே இல்லை. மற்ற வருஷம் ஜூன் பிறந்தால் கோழிக்கூண்டின் முன்னால் நின்று கத்துவாரே, நினைவிருக்கிறதா? நான் கேட்டேன்.

"என்ன வென்டல், இந்த வருஷம் வேஷம் வேண்டாமா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா?"

"அப்ப ஏன் சத்தமே இல்ல?"

"தொண்ட கட்டியிருக்கு."

"தொண்ட கட்டினவனா காலையில பக்கத்து வீட்டு நாய அந்தக் கத்து கத்தின?"

பிக்கப் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். வண்டியை எடுக்கவும் இல்லை. உன் டைப் தாள்கள் முன் கண்ணாடிக்குக் கீழே கிடக்கின்றன.

நம் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நீ ஒருத்திதான். பட்டம் வாங்கிய அன்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ படித்தது இதற்குத்தானா என்று ஒரு நாள் கோபத்தில் நான் சொல்லிவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இதுக்கு இல்லாம வேற எதுக்கு?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிகிறதா?

அன்புடன்,
அம்மா

*

ரிச்மண்ட்
ஜூலை 5, 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலம் என்று அம்மா எழுதியிருந்தாள். நானும் நலம். நேற்று ஆற்றங்கரையில் வாணவேடிக்கை பார்த்தேன். சத்தம் பிடிக்காமல் பாதியில் வந்துவிட்டேன்.

அந்த ஒற்றை வரிக் கடிதத்துக்கு மன்னித்துவிடுங்கள். நேரில் இருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்குப் பத்து வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? அந்த விழாவில் சாசனத்தின் முகவுரையை நான் ஒப்பிக்க வேண்டும். வெள்ளைக் கவுன் போட்டு மேடையில் ஏறினேன். முதல் வார்த்தை தெரியும். எல்லா வார்த்தையும் தெரியும். வாய் மட்டும் திறக்கவில்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். உடனே பின்னாலிருந்து மேடிசன் கோட்டோடு நீங்கள் முன்னே வந்து முழுவதையும் உங்கள் குரலில் சொல்லி முடித்தீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போகும்போது நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஒவ்வொரு வருஷமும் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டே உங்களோடு உதட்டை அசைத்தவள் நான். அந்த வரிக்கும் அசைத்திருக்கிறேன். அதனால் உங்களுக்குப் பாடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் நீங்கள் என் அப்பாதான். ஆனால் இனி அந்த வரிக்கு என்னால் எழுந்து நிற்க முடியாது. செப்டம்பரில் நான் வர வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
லினெட்

*

வில்லோ ஃபோர்க்
ஆகஸ்ட் 9, 1987

அன்பு மகள் லின்னுக்கு,

நாங்கள் நலம். வெயில் கொளுத்துகிறது. உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

தப்பு என்னுடையது இல்லை என்று எழுதினாய். என்னுடையதுதான். 1981இல் விழா முடிந்ததும் வெளியூர் ஆசிரியர் ஒருவர் வந்து, "அந்த உயில் எங்க சார் இருக்கு?" என்று மரியாதையாகக் கேட்டார். மறுவாரம் நூலகத்தில் தேடிப் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம், தெரிந்தே சொன்னேன். ஜனங்கள் எழுந்து நிற்பது அந்த ஒரு வரிக்குத்தான், லின். வருஷம் முழுவதும் நான் குழாய் மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன். பாதிப் பேருக்கு என் பூட்ஸ்தான் தெரியும்.

நான் பள்ளியில் படித்ததைவிட நீ அதிகம் படிக்க வேண்டும் என்று அனுப்பியவன் நான். படித்துவிட்டு நீ கண்டுபிடிக்கிற முதல் பொய் என்னுடையதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

போன வாரம் மிஸ் வெர்னா வீட்டுக்குப் போனேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லியிருந்தார். வாஷர் மாற்றிவிட்டுப் படியில் நின்றுகொண்டு, உரையின் அந்த வரி தப்பு என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"எங்க ஆளுங்க மேடிசன் வீட்டுல அடிமையா இருந்து விக்கப்பட்டவங்க, வென்டல். எங்களுக்கு உயிலு வேணுமா? பத்தொன்பது வருஷமா அந்த எடம் வரும்போது எழுந்து போறேனே, ஒரு தடவ ஏன்னு கேட்டியா?"

"பை சூடுபண்ணப் போறீங்கன்னு நெனச்சேன்."

"செப்டம்பர் வெயில்ல யாருடா பை சூடுபண்ணுவா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் சொல்லி வந்தாய் என்று கேட்டார். நீ எழுதியதைச் சொன்னேன். "உன் பொண்ணா? ஆறு வருஷம் என் முன்னாடி தட்ட நீட்டியிருக்கா. இன்னொரு சோளரொட்டி வேணும்னு ஒரு நாள் கேட்டதில்ல. நானே மூஞ்சியப் பார்த்து வெப்பேன். அவளா எழுதினா?"

உயிலில் இருப்பதையே படித்துவிடலாம், நீங்கள் மேடைக்கு வந்து படிக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் ஏன் படிக்கணும்? எழுதினது நானா? எழுதினவரு வேஷம் போட்டவன் நீ, நீயே படி. நான் உக்காந்து கேக்கறேன்" என்றார். நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "விருப்பம்னு எழுதினதப் படிச்சா அதுக்கும் கைதட்டுவாங்க. நல்ல மனுஷன்னு சொல்லிட்டு பை தின்னப் போயிடுவாங்க. அந்த விருப்பம் என்ன ஆச்சுன்னு யாரு சொல்லுவா?"

அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ரோதரிடமும் சொல்லிவிட்டேன். "இருபதாவது வருஷம், டி.வி. வருது, இப்ப உனக்கு ஞானம் வந்துதா? வரி இருக்கணும். இல்லேன்னா கோட்டக் கழட்டி வெச்சிட்டுப் போ. வேற ஆள் இருக்காங்க" என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ராயால் என்பவரைக் கூப்பிடப் போகிறாராம். நான் வரியை எடுத்துவிட்டேன். கோட்டை எடுத்துக்கொள்ளட்டும்.

மேடை உண்டோ இல்லையோ, நீ வா.

அப்பா

*

வில்லோ ஃபோர்க்
ஆகஸ்ட் 27, 1987

லின் கண்ணுக்கு,

நலம், நலம். அவசரமாக எழுதுகிறேன்.

ஸ்ட்ரோதர் நேற்று கோட்டு வாங்க வந்தார். கூடவே ராயால். ஆறடி இரண்டு அங்குலம்! நம் வாசலில் குனிந்து வருகிறார். நான் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். கை முழங்கையோடு நின்றது. முதுகில் தையல் விட்ட சத்தம் கேட்டது. கால்சட்டையைக் காட்டவே நான் விடவில்லை.

"இமோஜீன், கொஞ்சம் பெருசு பண்ணித் தர முடியுமா?" என்றார் ஸ்ட்ரோதர்.

"துணி இல்ல" என்றேன்.

"வேற துணி போட்டு?"

"கை இல்ல. வலிக்குது."

"ஒனக்கு முழங்கால்தானே வலி?"

"இப்ப ஏறிடுச்சு."

உன் அப்பா உள்ளே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஊரில் வேறு குள்ளனும் இல்லை, எட்டுப் பக்கம் மனப்பாடம் செய்த ஆளும் இல்லை. ஸ்ட்ரோதர் வாசல்வரை போய்த் திரும்பினார். "எங்க அப்பா எழுதினது வென்டல் அது" என்றார். அப்போதுதான் எனக்கும் பாவமாக இருந்தது. உன் அப்பா வெளியே வந்து, "தெரியும். மத்ததெல்லாம் அவரு எழுதினதுதான் சொல்லப்போறேன்" என்றார். மனுஷன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை விழா நோட்டீஸ் மருந்துக்கடைக் கதவில் ஒட்டியிருக்கிறது. வென்டல் கிராடக் என்றுதான் போட்டிருக்கிறது.

கோழிகள் மறுபடியும் மிரள ஆரம்பித்துவிட்டன. முதுகுத் தையலைப் போட்டுவிட்டேன்.

அம்மா

*

ரிச்மண்ட்
செப்டம்பர் 6, 1987

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். அம்மாவின் கையும் முழங்காலும் விழாவுக்குள் குணமாகிவிடும் என்று நம்புகிறேன். இரண்டு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். 16ஆம் தேதி மாலைப் பேருந்தில் வருகிறேன்.

அப்பா, உரையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. இங்கே பழைய குறிப்புகளில் படித்தேன். மேடிசன் மிகவும் மெல்லிய குரலில் பேசுவாராம். குறிப்பெடுத்தவரின் காதுக்கே பல இடங்களில் எட்டவில்லை. வயதான காலத்தில் ஒரு மாநாட்டில் அவர் எழுந்தபோது, எல்லோரும் தங்கள் இடத்தைவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்களாம். உயில் வரும் இடத்தில் நீங்கள் கத்த வேண்டாம். தாளில் இருப்பதை அப்படியே படியுங்கள். விலக்கையும் விடாமல் படியுங்கள்.

மிஸ் வெர்னா கேட்டதை இந்த நான்கு வாரமும் யோசித்தேன். நீங்கள் மேடிசனாக நிற்கிறீர்கள். 1836 ஜூன் 28க்குப் பிறகு நடந்ததை மேடிசன் சொல்ல முடியாது, அவர் இறந்துவிட்டார். அதை வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். நான்கு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். "1836 ஜூன் 28 அன்று அவர் இறந்தார். அவருடைய விருப்பம் தாளில் இருந்தது. ஒன்பது வருஷத்துக்குள் அவருடைய மனைவி வீட்டையும் நிலத்தையும் விற்றார். அங்கே இருந்த மனிதர்களில் பலரையும் விற்றார்." கண்டிப்பான ஆசிரியை கையில் சிக்கிய கட்டுரை மாதிரி நான்கும் மொட்டையாக இருக்கின்றன. ஆனால் நான் தேடிச் சரிபார்த்தவை. வாத்தியக்குழு அதற்குப் பிறகு தொடங்கினால் தொடங்கட்டும், தொடங்காவிட்டால் போகட்டும்.

காலையில் பேருந்துக்கு நிற்கும்போது அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போல. பக்கத்தில் நின்றவர், "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். பிறகு, ஒன்றுமில்லை என்று ஏன் சொன்னேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

மார்ச் மாதமே உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன். டைப் அடித்துத் தருகிறேன் என்று அதை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது கேட்கிறேன். அந்த நான்கு வாக்கியத்தையும் மேடையில் உங்கள் பக்கத்தில் நின்று நான் சொல்கிறேன். போன தடவை போல எனக்கு வாய் திறக்காமல் போகலாம். கூட்டத்தில் யாராவது இருமலாம். அப்போது முன்னால் வந்துவிடாதீர்கள், அப்பா. எவ்வளவு நேரம் ஆனாலும், நான் தொடங்கும்வரை பேசாமல் நிற்பீர்களா?

உங்கள் மகள்,
லினெட்